அலுமினியத்தின் தோலை உரித்தல்

மோட்டார் வண்டிகளிலும் ஸ்கூட்டர்களிலும் மிதிவண்டிகளிலும் அலுமினியத்தாலாகிய உறுப்புகள் பல உள்ளன. கண்ணாடியைச் சுற்றி ஓடும் பட்டை, காலடிப் பலகையில் பதித்த கோடுகள், விளக்கின் வளையம், சக்கரத்தின் ரிம், பிரேக்கின் கைப்பிடி ஆகியன அவற்றுட் சில. இவற்றுட் பலவற்றின்மீது வெள்ளி நிறத்திலோ பொன்னிறத்திலோ, கறுப்பு, சிவப்பு, நீலம் முதலிய நிறங்களிலோ ஒரு மெருகு காணப்படும். ஆனோடைஸ் பூச்சு என்று கடைக்காரரும் மெக்கானிக்கும் அதனைக் கூறுவர். அது பழுதுபட்டபோது அதனை அகற்றுவது எவ்வாறு, எப்போது அகற்றலாகாது என்பவை பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

பூச்சு என்பது வழக்கேயன்றி, உண்மையில் அது பூச்சு அன்று. வர்ணம் பூசுகிறோம்; அது உலோகத்தின்மேல் வேறொரு பொருளாகப் படிந்து நிற்கிறது. நிக்கல், குரோமியம் முதலியவற்றை முலாம் இடுகிறோம். அதுவும் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதே. ஆனோடைஸ் செய்த அலுமினியத்தின் மேற்புறமோ, அந்த அலுமினியத்திலிருந்தே உண்டானது. உடம்பின்மேல் சந்தனம் பூசுவது வேறு, உடம்பிலேயே தோல் வளர்வது வேறு அல்லவா? இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டால், பின்னர் நான் சொல்லப்போகும் செய்திகள் யாவும் எளிதில் விளங்கும். கொள்ளாவிட்டால், வர்ணத்தைச் சுரண்டுவது போலச் சுரண்டத் தொடங்கிப் பொருளையே கெடுத்துக்கொள்ள நேரும்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுக என்று ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எமக்குக் கற்பித்தனர். ஆதலின் இரும்பிலிருந்து தொடங்குகிறேன். ஈரமும் காற்றும் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும். துரு என்பது இரும்பும் பிராணவாயுவும் நீரும் சேர்ந்து உண்டாகும் பொருள். அது பொருபொருவென்று உதிரும். உதிர உதிர உள்ளேயிருக்கும் இரும்பு வெளிப்பட்டு மேலும் துருவேறும். அலுமினியமும் பிராணவாயுவோடு சேர்கிறது. இரும்பைக் காட்டிலும் விரைவாகவே சேர்கிறது. ஆயின் அவ்வாறு உண்டாகும் அலுமினிய ஆக்சைடு உதிர்வதில்லை. மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாத கனத்தில் அஃது உலோகத்தை இறுகப் பற்றிக்கொண்டு, மேற்கொண்டு காற்று உட்புகாவண்ணம் காத்து நிற்கிறது. புத்தம் புதிதாக அறுத்த அலுமினியத்தின்மேலும் ஒரு நொடிக்குள் இத்தோல் படர்ந்துவிடுகிறது. நாம் அலுமினியம் என்று தொட்டுப் பார்ப்பது அலுமினியத்தை அன்று, அதன் தோலையே.

இந்த இயற்கைத் தோலை மின்சாரத்தின் துணையால் ஆயிரம் மடங்குக்கு மேலாகத் தடிப்பாக்குவதே ஆனோடைஸ் செய்தல். நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பங்கு வரை கந்தக அமிலம் கலந்த நீர்த்தொட்டியில் அலுமினிய உறுப்பைத் தொங்கவிட்டு, மின்கலத்தின் நேர்முனையோடு அதனை இணைப்பர். ஏறக்குறைய 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில், 12 முதல் 18 வோல்ட் மின்னழுத்தத்தில் மின்சாரம் பாயும்போது, நீரிலிருந்து பிரிந்த பிராணவாயு அலுமினியத்தோடு சேர்ந்து தோல் வளர்கிறது. நேர்முனைக்கு ஆனோடு என்று பெயர். அதனால் வந்ததே இச்சொல். 1923ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பெங்காஃப், ஸ்டூவர்ட் என்னும் இருவர், கடல் விமானங்களின் அலுமினியக் கலவைத் தகடுகளை உப்பு நீர் அரிக்காமற் காப்பதற்குக் குரோமிக் அமிலத்தைக் கொண்டு இம்முறையைப் பெரிய அளவில் கையாண்டனர். 1927இல் கந்தக அமில முறை காப்புரிமை பெற்றது. இன்று பெருவழக்காக உள்ளது பின்னதே.

இத்தோலைப் பேராற்றல் வாய்ந்த உருப்பெருக்கியால் நோக்கினால் தேன்கூடு போலத் தோன்றும். அறுகோண அறைகள் நெருங்கி நிற்கும். ஒவ்வோர் அறையின் நடுவிலும் ஒரு நுண்துளை. இத்துளைகளில்தான் சாயம் புகுத்தப்படுகிறது. பருத்தித் துணிக்குச் சாயமேற்றுவோர் சாயம் பிடிப்பதற்காக முன்னதாகப் படிகாரத்தில் நனைப்பார்களே, அங்கே சாயத்தைப் பற்றிக்கொள்வதும் அலுமினியத்தின் சேர்மந்தான். சாயம் ஏறியபின் உறுப்பைக் கொதிநீரில் இடுவர். ஆக்சைடு நீரை ஏற்றுப் பருத்துத் துளைகளின் வாய் மூடிக்கொள்கிறது. அழகுக்காகச் செய்யும் தோலின் கனம் பெரும்பாலும் 5 முதல் 25 மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் கனம் ஏறத்தாழ 70 மைக்ரான் என்று கொண்டால் அளவு விளங்கும். உராய்வைத் தாங்குவதற்காக, தொட்டியைப் பனிக்கட்டியின் குளிர்ச்சிக்குக் கொண்டுவந்து 50 மைக்ரான் அளவுக்கு வளர்க்கும் கடின வகையும் உண்டு.

இங்கே ஒரு செய்தியை நேயர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். தோல் உலோகத்தைத் தின்றே வளர்கிறது. 25 மைக்ரான் தோல் வளர்ந்திருந்தால் அதற்கு ஏறக்குறைய 17 மைக்ரான் உலோகம் செலவாகியிருக்கும். எனவே தோலை முழுதும் நீக்கியபின் உறுப்பு பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. ஆனோடைஸ் செய்வதற்கு முன்னிருந்ததைவிடச் சிறுத்தே நிற்கும். அலங்காரப் பட்டைக்கு இது பொருட்டன்று. திருகுமரை வெட்டிய உறுப்புக்கும், அச்சு பொருந்தும் துளைக்கும் பொருட்டாகும்.

அகற்ற வேண்டிய தேவை எதனால் வருகிறது? வெயிலிற் கிடந்த வண்டியின் சாயம் மங்கிவிடுகிறது. சிவப்பு செம்மண்ணாகவும் கறுப்பு பழுப்பாகவும் மாறுகின்றன. கீறல் விழுந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போட இயலாது. எத்துணை தேய்த்தாலும் பழைய தோலின்மேல் கண்ணாடி போன்ற பளபளப்பு வாராது. விரிசலைப் பற்றவைக்க வேண்டுமாயின், 660 பாகையில் உருகும் அலுமினியத்தின்மேல் 2,000 பாகைக்கு மேற்பட்டே உருகும் ஆக்சைடு தடையாக நிற்கும். மீண்டும் ஆனோடைஸ் செய்வதற்கும் பழைய தோலை முன்னதாக நீக்கியே ஆகவேண்டும்.

ஆயினும், பழுது என்று என்னிடம் கொண்டுவந்து காட்டப்பட்டவற்றுட் பாதி, பழுதே அல்ல. எண்ணெய்ப் பசையும் சாலைப் புழுதியும் பல ஆண்டுகளாக இறுகிப் படிந்தவை. வெந்நீரும் சவர்க்காரமும் மெல்லிய துணியும் கொண்டு பொறுமையாகக் கழுவினாலே அவை பிழைத்துக்கொள்ளும். முதலில் கழுவிப் பாருங்கள் என்பதே என் முதல் யோசனை.

கழுவியபின் அது ஆனோடைஸ்தானா என்று தெளிய வேண்டும். காந்தம் ஒட்டினால் அடியில் இருப்பது இரும்பு. இப்பேச்சு அதற்கு உரியதன்று. காந்தம் ஒட்டாவிடில் மின்கடத்தலைச் சோதிக்கலாம். வானொலிப் பெட்டி பழுதுபார்ப்போர் வைத்திருக்கும் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் அழுத்தாமல் மேலே மெல்ல வைத்தால், வெற்று அலுமினியமாயின் மின்சாரம் செல்லும். ஆனோடைஸ் தோல் செல்ல விடாது. வார்னிஷ் பூசியிருந்தாலும் செல்லாது. ஆதலின் கண்மறைவான ஓர் ஓரத்தில் வர்ணம் கரைக்கும் திரவத்தைத் தொட்டு வைத்துப் பாருங்கள். வார்னிஷாயின் சுருங்கிக் கழலும். ஆனோடைஸ் தோல் அசையாது.

உப்புத்தாள் கொண்டு தேய்த்தே எடுத்துவிடலாமே என்று பலர் தொடங்குகின்றனர். தேய்த்து எடுக்க முடியாதென்று நான் சொல்லவில்லை. ஆயின் தாளில் ஒட்டியிருக்கும் துகள் பெரும்பாலும் அலுமினிய ஆக்சைடுதான். மாணிக்கமும் நீலமும் அதன் படிக வடிவங்கள். வண்டி உறுப்பின் தோல் அந்தப் படிகங்களைப் போல அத்துணைக் கடினமன்று எனினும், அடியிலுள்ள உலோகத்தைக் காட்டிலும் மிகக் கடினம். ஆதலின் ஓரங்களிலும் மேடுகளிலும் தோல் முதலிற் போய்விட, பள்ளங்களில் அப்படியே நிற்கும். பள்ளத்தை எட்டுமுன் மேட்டின் மென்மையான உலோகம் குழிந்துவிடும். பட்டையான சிறு பரப்புக்கு மட்டுமே தாள் ஏற்றது. வளைவும் எழுத்தும் கோடும் நிறைந்த உறுப்புகளுக்குக் கரைத்து எடுக்கும் முறையே தக்கது.

இனிக் கரைக்கும் முறைக்கு வருவோம். அலுமினிய ஆக்சைடு ஈரியல்பு உடையது. நடுநிலையான நீரில் அஃது அசையாது. மிகுந்த அமிலத்திலும் கரையும், மிகுந்த காரத்திலும் கரையும். இதனை நம் தாய்மார் ரசாயன நூல் கல்லாமலே அறிந்திருக்கின்றனர். இட்லிப் பானையின் உட்புறம் உப்பு நீர் கொதித்துக் கொதித்துக் கறுத்தால் சிறிது புளியை இட்டுக் கொதிக்கவைப்பர், பானை வெளுக்கும். அஃது அமிலத்தின் வேலை. காரத்தின் வேலையைக் காண வேண்டுமாயின், புதிதாகக் கட்டிய வீட்டுக்குச் செல்லுங்கள். சுவருக்கு வெள்ளையடிக்கும்போது அலுமினியச் சன்னலின்மேல் தெறித்த சுண்ணாம்புத் துளியை உடனே துடைக்காமல் விட்டிருப்பார்கள். அந்த இடம் வெளிறி, எத்துணை துடைத்தாலும் போகாத தழும்பாக நிற்கும். மேலே ஏதோ ஒட்டியிருப்பதாக நினைத்து வீட்டுக்காரர் அதைச் சுரண்டுவார். ஒட்டியிருப்பது ஒன்றுமில்லை, அங்கே தோல் கரைந்துபோயிருக்கிறது.

இதே காரச் செயலைக் கொண்டுதான் உலகெங்கும் அலுமினியமே எடுக்கப்படுகிறது. 1888ஆம் ஆண்டில் கார்ல் யோசெஃப் பாயர் என்னும் ஆஸ்திரிய நாட்டு ரசாயன அறிஞர், பாக்சைட் மண்ணை எரிசோடாக் கரைசலிற் சூடாக்கி, அலுமினியப் பகுதியை மட்டும் கரைத்துப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டார். அவர் அதனைக் கண்டது துணிச் சாயத்தொழிலுக்கு என்பது வியப்பான செய்தி. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1886இல், அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஹெரூவும் தனித்தனியே மின்சாரத்தால் உலோகத்தைப் பிரிக்கும் முறையைக் கண்டிருந்தனர். இரண்டும் சேர்ந்தே அலுமினியத்தை ஏழையின் பாத்திரமாக்கின. நம் மேட்டூரிலும் சேர்வராயன், கொல்லி மலைகளின் பாக்சைட்டைக் கொண்டு 1965 முதல் 2008 வரை இத்தொழில் நடந்தது. மலை மண்ணிலிருந்து அலுமினிய ஆக்சைடைக் கரைத்தெடுத்த எரிசோடாவே, ஸ்கூட்டர் பட்டையின் தோலையும் கரைத்தெடுக்கிறது.

எரிசோடாவைக் கடைகளில் காஸ்டிக் சோடா என்று விற்கின்றனர். சோப்புக் காய்ச்சவும் கழிவுநீர்க் குழாயின் அடைப்பு நீக்கவும் வாங்குவர். ஒரு லிட்டர் குளிர்ந்த நீருக்கு 50 கிராம் போதும். நீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாக இட வேண்டும். சோடாவின்மேல் நீரை ஊற்றலாகாது, கொதித்துத் தெறிக்கும். கரையும்போதே கரைசல் சுடும். தடித்த பிளாஸ்டிக் வாளி ஏற்றது. அலுமினியப் பாத்திரமோ, துத்தநாகம் பூசிய வாளியோ கூடா. அவற்றையும் சோடா கரைக்கும். உறுப்பின்மேல் எண்ணெய்ப் பசை சிறிதும் இல்லாமற் கழுவி, இரும்புக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, முழுதும் மூழ்கும்படி இறக்க வேண்டும். பாதி மூழ்கினால் நீர்மட்டத்தில் ஒரு கோடு விழும். அது பின்னர் எளிதிற் போகாது.

இப்போது கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதலில் ஒன்றும் நிகழ்வதாகத் தோன்றாது. தோல் ஓசையின்றிக் கரைந்துகொண்டிருக்கிறது. ஆக்சைடு கரையும்போது வாயு எழுவதில்லை. சாயம் ஏறிய உறுப்பாயின் நிறம் நீரில் கசியும். சில நிமிடங்களில், அல்லது தோல் தடிப்பாயின் கால் மணி நேரத்தில், ஆங்காங்கே குமிழிகள் எழும். பின்னர் உறுப்பு முழுவதும் சோடா நீர்ப்புட்டியைத் திறந்தாற்போல் பொங்கும். அக்குமிழிகள் ஹைட்ரஜன் வாயு. அவை தரும் செய்தி ஒன்றே: தோல் முடிந்தது, இனிக் கரைவது உலோகம். அந்தக் கணமே வெளியே எடுத்து ஓடும் நீரில் கழுவிவிட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்ப்பவர் தவறமாட்டார். கடிகாரத்தை நம்பி அப்பாற் செல்பவர் தவறுவார்.

என் பழைய மாணவர் ஒருவர் தம் தந்தையார் 1970களில் வாங்கிய ஸ்கூட்டரைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். தந்தையார் காலமாகிவிட்டார், அவர் பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுவந்து விட்டதெல்லாம் அவ்வண்டியில்தான். காலடிப் பலகையின் பட்டைகள் மங்கிக் கிடந்தன. அவற்றுள் இரண்டினை ஐந்து லிட்டர் நீரில் அரை கிலோ காஸ்டிக் சோடாவைக் கரைத்து மாலையில் இட்டுவிட்டு, கடையைப் பார்க்கச் சென்றுவிட்டார். இரவு உணவுக்குப்பின் வந்து பார்த்தபோது வாளியில் ஓட்டை விழுந்த கறுத்த தகடு இரண்டு கிடந்தன. கையில் எடுத்ததும் ஆணித்துளை இருந்த இடத்தில் ஒடிந்தன. "ஐயா, மேற்பூச்சை எடுக்கத்தானே போட்டேன், பட்டையையே தின்றுவிட்டதே!" என்று மறுநாள் என்னிடம் வந்து நின்றார். அந்த வண்டிக்குரிய பட்டைகள் இப்போது கடையில் கிடைப்பன அல்ல.

அவருக்கு நான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். பட்டைகளின் பரப்பு எல்லாம் சேர்த்து ஆயிரம் சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், பத்து மைக்ரான் தோலின் எடை ஏறக்குறைய மூன்று கிராமே. அரை கிலோ எரிசோடாவோ 340 கிராம் வரை அலுமினியத்தைக் கரைக்க வல்லது. மூன்று கிராம் முடிந்தவுடன் சோடா நின்றுவிடும் என்று எதிர்பார்க்க நியாயமில்லை. கரையுந்தோறும் சூடு பிறக்கிறது. சூடு ஏற ஏறக் கரைதல் விரைகிறது. கரைசலுக்குத் தோல் இது, உடல் இது என்று பகுத்தறியத் தெரியாது. அதனை அறிய வேண்டியவர் வாளியருகே நிற்பவரே.

எனக்கு அதைவிடக் கவலை தந்தது வேறொன்று. அந்த வாளி கொல்லையில், மூடியில்லாமல், அவருடைய சிறு பெண் விளையாடும் இடத்தில் இருந்திருக்கிறது. காஸ்டிக் கரைசல் பார்வைக்குத் தண்ணீர்தான், நிறமில்லை, மணமில்லை. மீதமான கரைசலைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கும் பழக்கமும் நம்மிடையே உள்ளது. அது கொலைக்கு ஒப்பானது. ஒரு மிடறு விழுங்கிய குழந்தையின் உணவுக்குழல் புண்பட்டு வாழ்நாள் முழுதும் சுருங்கி நிற்கும். அமிலம் பட்ட இடத்தில் தசை உறைந்து, அமிலம் மேலும் ஆழச் செல்வதை ஓரளவு தடுக்கும். காரமோ கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டே உள்ளே இறங்கும். விரலில் பட்டால் வழவழப்பாக இருக்கிறதே, அந்த வழவழப்பு நம் தோலிலுள்ள கொழுப்பு சோப்பாவதே ஆகும். கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் பார்வை போகக்கூடும். ஆதலின் பக்கமும் மூடிய கண்ணாடி, முழங்கை வரை ரப்பர் உறை, நீண்ட சட்டை ஆகியவை இன்றி இவ்வேலையைத் தொடவே வேண்டா. கண்ணிற் பட்டுவிட்டால் உடனே ஓடும் நீரில், இமையை விரித்துப் பிடித்து, அரைமணி நேரம் விடாமல் கழுவியவாறே மருத்துவரிடம் செல்ல வழிதேட வேண்டும். புளியோ எலுமிச்சையோ ஊற்றிச் சமன்செய்ய முயலலாகாது. ஹைட்ரஜன் தீப்பற்றும் வாயு. கரையும் ஒவ்வொரு கிராம் அலுமினியத்துக்கும் ஒன்றேகால் லிட்டருக்குக் குறையாமல் வெளிவரும். அதனால் திறந்த வெளியில் செய்க. பீடி, அடுப்பு, மின்பொறி எதுவும் அருகே வேண்டா. வாளியை இறுக மூடவும் கூடாது.

எஞ்சிய நான்கு பட்டைகளை அவரும் நானும் சேர்ந்து செய்தோம். ஒவ்வொன்றும் ஆறேழு நிமிடத்தில் முடிந்தது. வெளியே எடுத்தபோது அவை கரிபூசினாற்போல் இருந்தன. மாணவர் முகம் வாடிவிட்டது. "தம்பி, கலங்காதே, அது சோடாவிற் கரையாத மிச்சம்" என்றேன். வண்டி உறுப்புகள் தூய அலுமினியமல்ல. வலிவுக்காகச் செம்பு, இரும்பு, சிலிக்கன், மாங்கனீசு முதலியன கலந்திருக்கும். எரிசோடா அலுமினியத்தை மட்டும் கரைத்துவிட்டு இவற்றைக் கரும்பொடியாக மேலே விட்டுச் செல்கிறது. தொழிற்சாலைகளில் நைட்ரிக் அமிலக் கரைசலில் முக்கி இதனை நொடியில் நீக்குவர். அவ்வமிலம் அலுமினியத்தைத் தீண்டாது. வீட்டில் நைட்ரிக் அமிலம் வைத்திருப்பதை நான் விரும்புவதில்லை. ஈரத்துணியில் சிறிது பாத்திரம் துலக்கும் பொடியைத் தொட்டுத் தேய்த்தோம், பெரும்பாலும் போயிற்று. வார்ப்பு உறுப்புகளில் சிலிக்கன் மிகுதி. அவற்றின் கறுப்பை நைட்ரிக் அமிலமும் நீக்காது. அதற்கு ஆலைகளில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் சேர்ப்பதுண்டு. தோலில் பட்டால் எலும்பு வரை செல்லும் கொடிய நஞ்சு அது. எவர் சொன்னாலும் வாங்கலாகாது.

உலோகத்தைத் தீண்டாமல் தோலை மட்டும் கரைக்கும் கரைசல் ஒன்றும் உண்டு. பாஸ்பாரிக் அமிலமும் குரோமிக் அமிலமும் கலந்து கொதிநிலைக்கு அருகே சூடாக்கியது அது. ஆனோடைஸ் தோலின் எடையை அளந்தறிய ஆய்வுக்கூடங்கள் அதனைத்தான் பயன்படுத்துகின்றன: முன்னும் பின்னும் நிறுத்து வேறுபாட்டைக் காண்பர். ஆனால் அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் விளைக்கும் வகையைச் சேர்ந்தது. கழிவைச் சுத்திகரிக்கும் வசதியுள்ள இடத்துக்கே அது உரியது.

மாணவர் அடுத்துப் பிரேக்கின் கைப்பிடியையும் வாளியில் இட முனைந்தார். நான் தடுத்தேன். "பட்டைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு ஐயா, இரண்டும் அலுமினியந்தானே?" என்று கேட்டார். பட்டை ஒடிந்தால் அழகு போகும். கைப்பிடி ஒடிந்தால் வண்டி நிற்காது. எரிசோடா எங்கும் ஒரே சீராகக் கரைப்பதில்லை. கலவையின் நுண்மணிகளை ஒட்டிச் சிறுசிறு குழிகள் விழும். மீண்டும் மீண்டும் சுமை தாங்கும் உறுப்பில் விரிசல் தொடங்குவது அத்தகைய குழியிலிருந்தே. கைப்பிடி, ஹேண்டில்பார், ரிம், சக்கர அச்சைத் தாங்கும் உறுப்புகள் ஆகியவற்றின் தோலை வீட்டில் உரிக்கக் கூடாது என்பது என் திடமான கருத்து. சிலவற்றில் தோல் அழகுக்காக அன்று, வேலைக்காகவே வளர்க்கப்பட்டிருக்கும். அலுமினியத்தாலான பிரேக் மாஸ்டர் சிலிண்டரின் உட்புறம், ரப்பர் வளையம் வழுக்கிச் செல்லும் பொருட்டு ஆனோடைஸ் செய்யப்படுகிறது. அதை நீக்கினால் சிலிண்டர் தேய்ந்து எண்ணெய் கசியும். மாணவர் அரைமனத்தோடு கைப்பிடியை எடுத்து வைத்துக்கொண்டார். பின்னர் அதனைச் சோப்பு நீரில் கழுவி மாட்டியிருந்ததைக் கண்டேன், சற்று மங்கல்தான்.

தோல் நீங்கிய உறுப்பு மங்கிய வெள்ளையாக, உறைந்த பனி போன்ற தோற்றத்தில் இருக்கும். பளபளப்பு வேண்டுமாயின் நீர் தொட்டுத் தேய்க்கும் எமரித்தாளில் 400, 600, 800, 1000 என்று எண் ஏறும் வரிசையில் தேய்க்க வேண்டும்; ஒவ்வோர் எண்ணிலும் முன்னைய தாளின் கீறல் மறையும்வரை குறுக்காகத் தேய்ப்பது முறை. பிறகு துணிச் சக்கரத்தில் மெருகுக்கட்டி தடவி பஃப் அடித்தால் முகம் பார்க்கலாம். இந்தப் பளபளப்பு நிலைப்பது நாம் வாழும் ஊரைப் பொறுத்தது. மதுரையிலோ சேலத்திலோ மெழுகு தடவி மாதம் ஒருமுறை துடைத்தால் போதும். தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் உப்புக்காற்று வெற்று அலுமினியத்தில் புள்ளி புள்ளியாக அரிப்பை உண்டாக்கும். இரும்புத் திருகாணி தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அரிப்பு இன்னும் விரையும். கடற்கரை ஊர்களில் உள்ளோர் உரித்ததோடு நிறுத்தாமல் மீண்டும் ஆனோடைஸ் செய்துகொள்வதே நன்று. அதற்கு உறுப்பை எடுத்துச் செல்லும்போது, எந்தக் கலவை என்று தெரிந்தால் சொல்லிவிடுங்கள். சிலிக்கன் மிகுந்த வார்ப்பின்மேல் தெளிந்த நிறம் ஏறாது. சாம்பல் பூத்தே நிற்கும். அது தொழிலாளியின் குற்றமன்று.

வாளியில் எஞ்சிய கரைசலைச் சாக்கடையில் அப்படியே கொட்டலாகாது. வாளியைத் திறந்த வெளியில் வைத்து, கடையில் விற்கும் வினிகரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்குங்கள். நான் சொன்ன அளவிற் கரைத்த ஒவ்வொரு லிட்டருக்கும் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை வேண்டியிருக்கும். சமனானதை அறிய மஞ்சள் போதும். ஆரத்தி நீரில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதன்றோ? அதுபோல மஞ்சள் நீரில் தோய்த்து உலர்த்திய தாள் காரத்தில் சிவக்கும். தாள் சிவக்காமல் மஞ்சளாகவே நிற்கும்போது காரம் அடங்கிவிட்டது என்று கொள்ளலாம். அந்நேரம் வாளியில் வெண்மையான கூழ் ஒன்று திரளும். அது அலுமினிய ஹைட்ராக்சைடு. வயிற்றெரிச்சலுக்கு மருத்துவர் தரும் வெண்ணிற மருந்துகள் பலவற்றில் உள்ள பொருள் அதுவே. ஆயினும் கலவையிலிருந்து வந்த செம்பும் சாயமும் இதிற் கலந்திருக்கும். எனவே கூழைப் பழந்துணியில் வடிகட்டி உலர்த்திக் குப்பையில் சேர்த்துவிட்டு, தெளிந்த நீரை நிறைய நீரோடு கலந்து வடிகாலில் விடலாம். கிணற்றடியிலும் செடிகளின் அடியிலும் ஊற்ற வேண்டா.